பதிமூன்று மணிச் சரம்

ஒலாங்கோ தீவில் கிரிசாந்தோவை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். காய்ச்சல் என்று போனால் அவனுக்கு மாத்திரை தரத் தெரியாது, ஊசி போடவும் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் செபு நகரத்துச் சோதனைக்கூடத்தில் கூம்புச் சங்கு என்கிற கடல் நத்தையின் நஞ்சைப் பிரித்துப் பார்ப்பது அவன் வேலை. நத்தையின் எச்சிலைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சம்பளம் கொடுக்கிற புண்ணியவான் யார் என்று படகோட்டி இஸ்கோ வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நத்தைகளை வாளியில் பிடித்துக் கொடுக்கும் வேலை தனக்கே கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டான்.

கிரிசாந்தோவின் உலகமே மணிகள்தான். அமினோ அமிலங்கள் என்கிற இருபது வகை மணிகள். நம் தலைமுடிக்கும் நகத்துக்கும் கோழிமுட்டைக்கும் நத்தை நஞ்சுக்கும் அதே இருபதுதான், கோக்கிற வரிசைதான் வேறு. நீளமாகக் கோத்தால் புரதம், குட்டையாகக் கோத்தால் பெப்டைடு. அவன் இயந்திரத்தில் ஒவ்வொரு மணியாகக் கோத்து, சரத்தைக் குப்பியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். மறுநாள் வந்து சோதித்தால் அந்தச் சரம் தானாகச் சுருண்டு, மடிந்து, தனக்குள்ளேயே கந்தகத்தால் பாலம் போட்டுப் பூட்டிக்கொண்டு, தன் வடிவத்தில் தயாராக இருக்கும். அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனையோ முறை பார்த்தும் அந்தக் காலைகளில் அவனுக்குப் பிடரி கூசும். நத்தை நஞ்சில் அவனுக்கு மிகவும் பிடித்தது பதிமூன்றே மணிகள் கோத்த ஒரு சரம். இரண்டு பாலம்தான் அதற்கு. பாலத்தை அறுத்துவிட்டால் ஒன்றுக்கும் உதவாத நூல். பாலத்தோடு இருந்தால் நரம்பு தசையோடு பேசுகிற வாசலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும், நரம்பு எவ்வளவு கத்தினாலும் தசைக்குக் கேட்காது.

அன்று அவன் மனைவி தெலியாவின் அக்கா கொன்சிங்குக்குப் பிறந்தநாள். கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற மணல்திட்டுக்கு நாலு பேரும் இஸ்கோவின் படகில் போயிருந்தார்கள். தென்னங்குருத்துக் கூட்டில் வேகவைத்த சோறு, கரியில் சுட்ட மீன், காடியில் ஊறிய பச்சைமீன், ஒரு குடம் கள். கொன்சிங்குக்கு உள்ளே கள் இறங்கினால் வெளியே கேலி ஏறும்.

"ஏன் சாந்தோ, இத்தன வருஷமா நத்த நத்தன்னு பீத்திக்கிறியே, ஒத்த நத்தைய உன் கையால புடிச்சிருக்கியா? எல்லாம் இந்த இஸ்கோ புடிச்சுக் குடுத்ததுதான?"

"அவரு படிச்சவரு மனாங். தண்ணில கால வெச்சா படிப்பு நனஞ்சுரும்," என்றான் இஸ்கோ, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. தீவில் மூத்தவளை மனாங் என்றும் மூத்தவனை மனோங் என்றும் கூப்பிடுவார்கள்.

கிரிசாந்தோவுக்குச் சுருக்கென்றது. சாராயமோ கள்ளோ தொடாதவன், ஆனால் ரோஷத்துக்குப் போதை தேவையில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கித் தேடினான். கொஞ்ச நேரத்தில், பவளப் பாறையின் நிழலில், பழுப்பு வலை போட்டதுபோல் கோலமிட்ட மெல்லிய ஓட்டோடு ஒன்று அகப்பட்டது. அகலமான முனையில் பிடித்துத் தூக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அப்படியே பிடித்துக் கொண்டுவந்து கொன்சிங்கின் முகத்துக்கு நேரே காட்டினான்.

"போதுமா மனாங்?"

"டாக்டரே, வாளி படகுல இருக்கு. போட்டுட்டு வந்து சாப்புடு," என்றான் இஸ்கோ.

படகு கொஞ்சம் தள்ளி நின்றது, மீன் சூடாக இருந்தது. கிரிசாந்தோ நத்தையை ஈரக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். இதைத் தீவில் எந்த மடையனும் செய்யமாட்டான். இருபது வருஷமாக அதைக் குப்பியில் வெள்ளைப் பொடியாகவே பார்த்துப் பழகியவனுக்கு, அது பசிக்கிற, பயப்படுகிற ஒரு பிராணி என்பது கைக்கு மறந்துபோயிருந்தது.

வலிக்கவே இல்லை. சட்டைக்குள் எறும்பு கடித்ததாக நினைத்து விலாவைச் சொறிந்துகொண்டான். உதடு மரத்தபோது பச்சைமீனில் மிளகாய் அதிகம் என்று தெலியாவிடம் குறைசொன்னான். அவள் தட்டைப் பார்த்தாள்.

"நான் மொளகாயே போடல," என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு நத்தையின் ஞாபகம் வந்தது. சட்டைப் பையைப் பார்த்தான். கைக்குட்டையிலிருந்து நத்தை பாதி வெளியே வந்திருந்தது, அதன் மெல்லிய மூக்குக்குழல் துணியைத் தடவிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தூர எறிந்துவிட்டுத் தெலியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். பேச்சு இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

"தெலியா, நல்லாக் கேளு. நத்த கொத்திருச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்குப் பேச்சு நிக்கும், அப்புறம் மூச்சும் நிக்கும். செத்தவன் மாதிரியே கெடப்பேன். ஆனா நான் உள்ளதான் இருப்பேன். எல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஆஸ்பத்திரி போற வரைக்கும் என் வாய்ல ஊதிக்கிட்டே இரு. யாரு என்ன சொன்னாலும் நிறுத்தாத. வெஷம் ஒரு நாள்ல தானா விட்டுரும்."

"உள்ளதான் இருப்பியா?" என்று கேட்டாள் தெலியா. அவள் கேட்ட விதம் சரியாக இல்லை.

அவனுக்கு அது புரிந்தது, ஆனால் பதில் சொல்ல நேரமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் லுஸ்விக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூச்சு இயந்திரத்தில் அசையாமல் கிடந்தாள். பெரிய டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இனி ஒன்றுமில்லை, முடிவை நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். அவள் உள்ளேதான் இருக்கிறாள், நான் பேசுவது அவளுக்குக் கேட்கிறது என்று தெலியா அழுதாள். உள்ளே யாரும் இல்லை தெலியா என்று கிரிசாந்தோதான் சொன்னான். சொல்லிவிட்டு, மூச்சுக்குழாயை எடுக்கக் கையெழுத்தும் போட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற பேச்சுதான்.

படகு அக்கரையை நோக்கி அலறிக்கொண்டு ஓடியது. அதன் இஞ்சின் கிழட்டு இஞ்சின், பலகை பலகையாக ஆட்டும். கிரிசாந்தோவைக் கிடத்தி, தலையைத் தெலியா மடியில் வைத்திருந்தாள். முதலில் இமைகள் தாமாக இறங்கின. பிறகு நாக்கு தடித்து வாய்க்குள் ஒரு ஓரமாகப் படுத்துக்கொண்டது. கையும் காலும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் போகும்போது எந்தச் சரம் எந்த வாசலில் உட்கார்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. இது பதிமூன்று மணிக்காரன். இது தசையின் கதவையே அடைக்கிறவன், மூன்று பாலம். எல்லாரையும் அவன் தன் கையால் கோத்திருக்கிறான், எடைபோட்டிருக்கிறான், படம் வரைந்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறான். இத்தனை நாள் அவன் அவர்களைப் பார்த்தான். இப்போது அவர்கள் வந்து அவனைப் பார்த்தார்கள்.

கடைசியில் நெஞ்சு நின்றது, அதாவது மூச்சு விடுகிற நெஞ்சு. மூச்சு இழு என்று அவன் மூளை கத்தியது, விலா அசையவில்லை. உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. மூச்சோடு கடல் உப்பின் மணமும் நின்றுபோனது. இஞ்சின் சத்தம் கேட்டது, கொன்சிங் ஜெபமாலை உருட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. பயம் என்றால் இதுதான் பயம் என்று அவனுக்குப் பட்டது, கத்தவும் வழியில்லாத பயம்.

தெலியாவின் வாய் அவன் வாயில் அழுந்தியது. காற்று உள்ளே இறங்கியது. காடியும் வெங்காயமும் மணக்கிற அவளுடைய மூச்சு. லுஸ்வி போன பிறகு அவள் வாய் அவன் வாயில் பட்டதே இல்லை. அவள் ஊதினாள், தலையைத் தூக்கினாள், மறுபடி ஊதினாள்.

"தெலியா, போதும்டி," என்றாள் கொன்சிங். "போயிட்டான்டி. மூஞ்சியப் பாரு, நீலம் பூத்துருச்சு. செத்தவன் வாய்ல ஊதாதடி, அவன் ஆவி உனக்குள்ள ஏறிக்கும்."

"சாகல. அவரே சொன்னாரு."

"சாகப் போறவன் என்னதான் சொல்லமாட்டான்? இஸ்கோ, நீ நாடி பாரு."

இஸ்கோ சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு குனிந்து கிரிசாந்தோவின் மணிக்கட்டைத் தொட்டான். "இந்த ஆட்டத்துல எனக்கு என் நாடியே தெரியல மனாங். குளுந்துதான் கெடக்கு."

கொன்சிங்கின் விரல்கள் கிரிசாந்தோவின் இமைகளை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்து அழுத்தி மூடின. மிச்சமிருந்த ஒரு கீற்று வெளிச்சமும் போனது. அடுத்து அவன் தாடைக்குக் கீழே துணி ஒன்று நுழைந்தது. அது என்னவென்று புரிந்தபோது அவனுக்கு உள்ளே உயிரே ஒடுங்கிப்போனது.

"வாயக் கட்டணும்டி. வெறச்சுப்போச்சுன்னா அப்புறம் மூடாது. சவப்பெட்டில வாயப் பொளந்துக்கிட்டுக் கெடந்தா நம்மளத்தான் பேசுவாங்க."

"கைய எடு மனாங். எடுக்கல, கடிச்சுருவேன்."

துணி போனது. காற்று வந்தது. கன்னத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது, உடனே கொன்சிங் அதைத் துடைத்தாள். "அவன் மேல கண்ணீர் விழக்கூடாதுடி. போற வழி கனமாயிடும்."

தெலியா ஊதிக்கொண்டே இருந்தாள், ஆனால் ஊதல்கள் குட்டையாகிக்கொண்டு வந்தன. நடுநடுவே இளைத்தாள். ஒரு ஊதலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வருகிற அந்த வெறுமையில் கிரிசாந்தோவுக்குச் சோதனைக்கூடம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு வழக்கம். புதிதாகப் பிரித்த பெப்டைடைச் சுண்டெலிக்குச் செலுத்துவார்கள். எலி என்ன செய்கிறதோ அதுதான் பெப்டைடுக்குப் பெயர். தூங்கினால் தூங்கி, சுற்றினால் பம்பரம், சொறிந்தால் சொறியன். படுத்துவிட்டு, வாலைக் கிள்ளினாலும் அசையாவிட்டால் அதற்குப் பெயர் கல். கல்லை மேற்கொண்டு யாரும் பார்ப்பதில்லை, மூடி போட்ட வாளிக்குள் போய்விடும். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் சிலர் தயங்கி நிற்பார்கள். உள்ளே யாரும் இல்லை, போடு என்று அவன்தான் சிரித்துக்கொண்டே சொல்வான். இப்போது அந்த வாளி நிறைய, ஒன்றன்மேல் ஒன்றாக, விழித்துக்கொண்டு கிடந்த எலிகள் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. மூடியின் சத்தத்தைக் கேட்டபடி கிடந்த எலிகள். கண் மூடித்தான் இருந்தது, ஆனாலும் அந்தக் காட்சியிலிருந்து அவனால் திரும்பிக்கொள்ள முடியவில்லை.

"இஸ்கோ, இஞ்சின நிறுத்து," என்றாள் கொன்சிங். "படகுல உசுரு போனா அந்த எடத்துல நிறுத்தி ஒரு ஜெபம் சொல்லிட்டுத்தான கெளம்புவீங்க? அதையாவது ஒழுங்காச் செய்வோம். இல்லன்னா இங்கயே சுத்திக்கிட்டுக் கெடப்பான்."

படகுக்காரர்கள் எல்லாரும் அதைச் செய்கிறவர்கள்தான், செய்யாதவன் படகில் அப்புறம் யாரும் ஏறமாட்டார்கள். இஸ்கோ கொஞ்ச நேரம் தயங்கினான். பிறகு இஞ்சின் இருமி நின்றது.

எங்கும் அமைதி. படகைச் சாயாமல் தாங்குகிற மூங்கில் சிறகுகளில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. கொன்சிங்கும் இஸ்கோவும் தணிந்த குரலில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த ஊதல் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தெலியாவின் குரல், காதுக்கு மிகப் பக்கத்தில், வேறு யாருக்கும் கேட்காதபடி வந்தது.

"சாந்தோ. உனக்குன்னதும் உள்ளதான் இருப்பேங்குற. அவளுக்குன்னப்ப உள்ள யாரும் இல்லன்ன. அவ உள்ள இருந்தாளா சாந்தோ? நாம பேசுனதெல்லாம் கேட்டாளா? கொழாய எடுக்கச் சொன்னது அவ காதுல விழுந்துச்சா?"

தெலியா, அது வேறு, இது வேறு என்று அவன் சொல்லத் துடித்தான். இந்தச் சரங்கள் தசையோடு நிற்கிறவை, மூளைக்குள் ஏறத் தெரியாதவை. அவளுக்கோ மூளையே வெந்துபோயிருந்தது. விளக்கம் முழுவதும் அவனிடம் இருந்தது, ஒரு வரிகூடத் தப்பில்லை. சொல்லத்தான் நாக்கு இல்லை. நாக்கு இருந்திருந்தாலும் அன்றைக்குச் சொன்ன அந்தத் தெம்போடு சொல்லியிருக்க முடியுமா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அவள் தலை பாரமாக அவன் மார்பில் சாய்ந்தது. ஊதல் இல்லை.

"லுஸ்வி," என்றாள் தெலியா.

நெஞ்சுக்கூட்டுக்குள் நெருப்பு பற்றியது. காற்று வேண்டும்.

"லுஸ்வி," என்றாள் மறுபடி. சொல்லிவிட்டு எதற்கோ காத்திருப்பவள்போல அசையாமல் கிடந்தாள். அவளுடைய காது அவன் மார்பில் ஒட்டியிருந்தது. காது மடலின் சூடுகூட அவனுக்குத் தெரிந்தது. கணக்குத் தீர்க்கிறாள் என்று நினைத்தான். அவள் நிறுத்தினால் நிறுத்திவிட்டாள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு பக்கம் அது நியாயம் என்றும் தோன்றியது, உயிர்பயம் அந்த நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்கவிடவில்லை. ஜெபம் முடிகிற இடத்துக்கு வந்தது. தண்ணீர் தட்டுகிற சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது, எல்லாச் சத்தமும் தூரப் போய்க்கொண்டிருந்தது.

"லுஸ்வி."

அதற்குப் பிறகு தெலியாவின் வாய் மூர்க்கமாக அவன் வாயில் வந்து விழுந்தது. பல் பல்லில் இடித்தது. காற்று வந்தது. ஒன்று, அதன் மேல் இன்னொன்று.

"இஞ்சினப் போடு மனோங்!" என்று அவள் அலறினாள். "ஜெபமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், போடு! மனாங், நீ வாயத் தொறந்த, கடல்ல தள்ளிருவேன்!"

ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரம் வைத்தார்கள். நஞ்சு தன் குணத்துக்கு மாறாமல் தானாக விட்டது. பதிமூன்று மணிக்காரன் எந்தக் கோபமும் இல்லாமல் வாசலைவிட்டு எழுந்துபோனான். மறுநாள் மத்தியானம் குழாயை எடுத்ததும் கிரிசாந்தோ தானே மூச்சுவிட்டான். தொண்டை புண்ணாக இருந்தது.

கொன்சிங் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "சாந்தோ, மன்னிச்சுக்கப்பா. நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன். உன் வாயக்கூடக் கட்டப் பாத்தேன்."

"அப்படியா மனாங்? எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்றான் அவன்.

"நெசமாவா?"

"தூங்குன மாதிரி இருந்துச்சு. படகுல ஏறுனது ஞாபகம் இருக்கு, அப்புறம் இங்கதான் முழிச்சேன்."

கொன்சிங்குக்குப் பெரிய பாரம் இறங்கியது. போகும்போது நர்ஸிடம் இரண்டு கேலி பேசிவிட்டுத்தான் போனாள். தெலியா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். அவன் சொன்னதெல்லாம் அவள் காதுக்கும் சேர்த்துத்தான். இயந்திரத்தில் கிடந்த நேரமெல்லாம் அவன் யோசித்து எடுத்த முடிவு அது. கேட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லுஸ்விக்கும் கேட்டிருக்கும் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு தெலியா எப்படி உயிரோடு இருப்பாள்? அவனுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் இருந்தது, லுஸ்வி போன பிறகு முதல்முறையாக அது அவனுக்கே தெரிந்தது.

தெலியா எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுடைய கீழுதட்டில் பல் இடித்த காயம் கறுத்திருந்தது.

"நான் படகுல பேசுனது கேட்டுச்சா?"

"இல்ல தெலியா. உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரே இருட்டு. தூக்கம்தான்."

"கேட்டுக்கிட்டே இருப்பேன்னு சொன்னியே."

"தப்பாச் சொல்லிட்டேன். யாருக்கும் ஒண்ணும் கேக்காது. இப்ப நான் அனுபவிச்சே பாத்துட்டேன், நம்பு."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

"பொய் சொல்ற," என்றாள். "எனக்கும் நீ செத்துட்டதாத்தான் பட்டுச்சு சாந்தோ. ஊதுறத விட்டுரலாம்னுதான் இருந்தேன். இஞ்சின் நின்னதும் உன் நெஞ்சுல காத வெச்சேன். மெதுவா, எங்கயோ தூரத்துல அடிச்சுச்சு. லுஸ்வின்னேன், வேகமா ஓடுச்சு. பொறுத்துப் பாத்து மறுபடி சொன்னேன், மறுபடி ஓடுச்சு. மூணாவது தடவையும் ஓடுச்சு."

அவன் கண்ணை மூடப் பார்த்தான். இப்போது இமைகள் சொன்னபடி கேட்டன, ஆனால் மூட மனம் வரவில்லை.

"அவளுக்கும் இப்படித்தான். நான் பாடுறப்பல்லாம் அந்தத் திரையில நெஞ்சுத்துடிப்பு நம்பரு ஏறும். நிறுத்துனா எறங்கும். உன்னக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். நீயும் பாத்த. அது சும்மா உடம்பு தானா பண்றதுன்ன."

"தெலியா..."

"கொழாய எடுத்தப்ப, நான் ஊதுறேன், என்னால முடிஞ்ச வரைக்கும் ஊதுறேன்னு கெஞ்சுனேன். நீதான் என் தோளப் புடிச்சு வெளிய கூட்டிட்டுப் போன."